இலவச மாத்திரையின் விலை

ஆறு ஓடுகிற இடத்தைத் தேடித்தான் ஊர் அமைகிறது என்பது எந்தத் தேசத்துச் சரித்திரத்தைப் புரட்டினாலும் காணக்கூடிய செய்தி. ஆற்றங்கரையில் வண்டல் படிந்த நிலம் உண்டு. வலை வீசினால் மீன் உண்டு. கோடை முற்றிய காலத்திலும் மனிதருக்கும் மாட்டுக்கும் தாகம் தீர நீர் உண்டு. ஆயினும் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா என்றும் புர்க்கினா ஃபாசோ என்றும் வழங்கப்பெறும் நாடுகளில், வோல்டா நதியின் கிளையாறுகள் பாய்கிற பள்ளத்தாக்குகளுக்குச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் போனவர்கள் இதற்கு நேர்மாறான நிலைமையையே கண்டார்கள். ஆற்றை ஒட்டிய வளமான பூமியெல்லாம் புதர் மண்டிக் கிடக்க, அதிலிருந்து வெகுதூரம் விலகி, மழை பொய்த்தால் விதைநெல்லும் மிஞ்சாது என்று சொல்லத்தக்க மேட்டு நிலத்தில், ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கம்பும் சோளமும் விதைத்துக் காலந்தள்ளி வந்தார்கள்.

அவர்களை ஆற்றங்கரையிலிருந்து விரட்டியது எள்ளளவே ஆன ஒரு கருப்பு ஈ. தேங்கிய நீரில் கொசு வளரும் என்பதை நாம் அறிவோம். இந்த ஈயோ பாறைகளுக்கிடையே நுரைத்து விரைந்து ஓடும் நீரிலேதான் முட்டையிட்டுப் பெருகும். இரவில் வீட்டுக்குள் நுழைந்து கடிக்கும் வழக்கமும் இதற்கில்லை. பகல் வேளையில், வயலில் குனிந்து வேலை செய்பவனையும், துறையில் துணி துவைப்பவளையும், வலை இழுப்பவனையும் திறந்த வெளியிலே கடிக்கும். ஆகவே கொசுவலையால் பயனில்லை, கதவை அடைத்துக்கொள்வதாலும் பயனில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட துறைகளில் ஒருவர் ஒரே நாளில் பெறக்கூடிய கடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றால், கடியின் எரிச்சல் ஒன்றே ஊரைக் காலி செய்யப் போதும். ஆனால் அந்த எரிச்சல் அன்று மாலைக்குள் தணிந்துவிடும். அதனோடு உடலுக்குள் புகுந்துவிட்ட புழு பதினைந்து ஆண்டுகள் வரை அங்கேயே குடியிருக்கும்.

அப்புழு, நம் நாட்டில் யானைக்கால் நோயை உண்டாக்கும் இழைப்புழுவின் நெருங்கிய உறவு. பெண்புழு ஏறக்குறைய ஒரு முழம் வரை நீண்டு, தோலுக்கடியில், பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேலும் விலாவின் மேலும், கட்டியாகச் சுருண்டு கிடந்து நாள்தோறும் ஆயிரத்தை ஒட்டிய நுண்குஞ்சுகளை ஈனுகிறது. குஞ்சுகள் தோல் முழுவதும் ஊர்ந்து பரவி, மறுபடியும் ஈயின் வாயில் ஏறுவதற்குக் காத்திருந்து, அது வாய்க்காதவை ஓரிரண்டு ஆண்டுகளில் மடிகின்றன. உயிரோடிருக்கையில் அவை செய்யும் தீங்கைவிட மடிகையில் செய்யும் தீங்கே பெரிது. செத்த குஞ்சுகளோடு, அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் வோல்பேக்கியா என்னும் நுண்ணுயிரும் சிதறுகிறது; அவற்றை எதிர்த்து உடல் மூட்டும் அழற்சி தோலில் நிகழ்ந்தால் ஓயாத அரிப்பாகவும், கண்ணில் நிகழ்ந்தால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வளர்ந்து இறுதியில் பார்வையை மூடிவிடும் வெண்திரையாகவும் முடிகிறது. ஆற்றுக்குருடு என்று இந்நோய்க்குப் பெயர் வந்த காரணம் இதுவே. குவாத்தமாலாவில் ரொடால்ஃபோ ரோப்லெஸ் என்ற மருத்துவர் 1915இல் இந்தப் புழுவுக்கும் கண் நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார். கருப்பு ஈயே அதைச் சுமந்து செல்கிறது என்பதை 1926இல் சியரா லியோனில் பிளாக்லாக் என்பவர் நிறுவினார். விஷயம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் உலகம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சும்மா இருந்தது. நோயாளிகள் வறியவர்கள், கப்பல் துறைகளுக்கும் தலைநகரங்களுக்கும் வெகுதூரத்தில் வாழ்ந்தவர்கள், வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கிராமத்தில் இந்நோய் எவ்வாறு முற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது அவசியம். ஆற்றிலிருந்து புறப்படும் ஈக்களின் தொகை பெரும்பாலும் நீரோட்டத்தைப் பொறுத்தது. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. ஆயிரம் பேர் வாழும் ஊரில் அத்தனை கடியும் ஆயிரம் உடல்களில் பங்கிடப்படும். அஞ்சி நூறு குடும்பம் வெளியேறினால், எஞ்சியவர்களே அவ்வளவையும் தாங்க வேண்டும். அவர்களிடையே நோய் இன்னும் வேகமாய் முதிரும். அதைக் கண்டு மேலும் சிலர் வெளியேறுவர். இவ்வாறு ஊர் சிறுக்கச் சிறுக்க நோய் பெருகி, கடைசியில் போக்கிடமில்லாத ஏழைகளும் பார்வை போனவர்களும் மட்டுமே ஆற்றங்கரையில் தங்குவார்கள். நாற்பது வயதைக் கடந்த ஆண்களில் பாதிப்பேர் வரை பார்வையிழந்திருந்த சமூகங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தன என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. உழைத்துக் குடும்பத்தைக் காக்க வேண்டிய தகப்பன் நாற்பதிலே பார்வை இழந்தால், அவனுடைய ஊன்றுகோலின் மறுமுனையைப் பிடித்து வழிகாட்ட ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் வளாகத்திலும், வாஷிங்டனில் உலக வங்கியிலும், கோல் பிடித்து முன்னே நடக்கும் சிறுவனும் பின்தொடரும் பெரியவரும் சிலையாக நிற்கிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெரியவருக்காகவே இரங்குகிறார்கள். சிறுவன் இழந்ததைச் சிலை சொல்லாமல் சொல்கிறது.

நோயின் பெயரே நோயின் பெரும்பகுதியை மறைத்துவிட்டது என்பது இவ்விஷயத்தில் நேர்ந்த ஒரு விபரீதம். 2017ஆம் ஆண்டுக்குரிய உலகளாவிய மதிப்பீட்டின்படி இப்புழு தொற்றியவர்கள் 2 கோடியே 9 லட்சம் பேர். அவர்களில் 1 கோடியே 46 லட்சம் பேருக்குத் தோல் நோய். பார்வை குறைந்தோ இழந்தோ இருந்தவர்கள் 11 லட்சத்து 50 ஆயிரம் பேர். அதாவது ஏறத்தாழப் பதினெட்டு நோயாளிகளில் ஒருவருக்கே கண்ணில் கேடு. பெரும்பாலோருக்கு விதித்தது அரிப்பு. அரிப்புத்தானே என்று அலட்சியமாகச் சொல்வதற்கில்லை. இரவும் பகலும் உறக்கமின்றி, ஓட்டுச் சில்லாலும் கத்தி முதுகாலும் தோல் உரியச் சொறிந்து, கணைக்காலில் சிறுத்தைத் தோல்போல் வெள்ளைத் திட்டுகள் படர்ந்து, நாற்பது வயதுக்காரி எழுபது வயதுக்காரியாய்த் தோன்றுகிற துன்பம் அது. நைஜீரியாவில் இன்சுக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியையாக இருந்த உச்சே அமாசிகோ, இந்தத் தோல் நோயினால் கணவனால் கைவிடப்பட்ட கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைக் கண்டு மனம் வருந்தி, பெண்களின் வாழ்வில் இந்த அரிப்பு என்ன செய்கிறது என்பதையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். கண் மருத்துவர்கள் மட்டுமே பேசிவந்த சபையில், திருமணம் தடைப்படுவதும் பாலூட்டுவது நின்றுபோவதும் நோயின் கணக்கில் சேர வேண்டும் என்று அவர் வாதித்தது வீண் போகவில்லை. பிற்காலத்தில் ஆப்பிரிக்க ஆற்றுக்குருடு கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு அவரே தலைமை ஏற்றார்.

உலகம் விழித்துக்கொண்ட கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உலக வங்கியின் தலைவராக இருந்த ராபர்ட் மக்னமாரா 1972இல், அப்போது அப்பர் வோல்டா என்று அழைக்கப்பட்ட புர்க்கினா ஃபாசோவுக்குச் சென்று, சிறுவர்கள் பெரியவர்களைக் கோல்பிடித்து நடத்திச் செல்வதை நேரில் பார்த்தார். 1974இல் ஏழு நாடுகளில் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வாகாடூகு நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, ஹெலிகாப்டர்களில் ஏறி, ஆறுகளின் வேகமான ஓட்டங்களில் வாரந்தோறும் மருந்து தெளித்தார்கள். முதலில் தெளித்தது டெமிபாஸ். டெங்குக் காலத்தில் நம் நகராட்சி ஊழியர்கள் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றும் அபேட் மருந்து அதுவே. ஈக்கள் அதற்குப் பழகிக்கொண்டபோது மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். பருவக் காற்றில் ஏறி நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து புதிய ஈக்கள் வந்து சேர்ந்தபோது திட்டத்தின் எல்லையைத் தெற்கிலும் மேற்கிலும் விரித்துப் பதினொரு நாடுகளாக்கினார்கள். காம்பியா நாட்டு மருத்துவர் இப்ராஹிம் சாம்பா 1980 முதல் 1994 வரை இதை நடத்திய திறமை, ஆப்பிரிக்க நிர்வாகத்தைப் பற்றி இகழ்ச்சியாகப் பேசுவோர் படிக்க வேண்டிய பாடம். 2002இல் திட்டம் முடிந்தபோது 6 லட்சம் பேர் பார்வையிழப்பிலிருந்து தப்பியிருந்தார்கள், கைவிடப்பட்டிருந்த 2.5 கோடி ஹெக்டேர் விளைநிலம் மீண்டும் குடியேற்றத்துக்கு உகந்ததாயிற்று. 28 ஆண்டுகளில் ஆன செலவு ஏறத்தாழ 55 கோடி டாலர்.

இதற்கிடையில் மருந்தும் வந்து சேர்ந்தது. ஜப்பானில் இட்டோ நகருக்கருகே ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரக்கும் பொருளிலிருந்து அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்ப்பெல்லும் அவருடைய தோழர்களும் ஐவர்மெக்டினை உருவாக்கினார்கள். இருவரும் 2015இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முதலில் அது ஆடுமாடுகளின் மருந்து. அதனால் நிறுவனத்துக்கு நல்ல லாபம். மனிதருக்கும் அது உதவும் என்று வற்புறுத்தி, 1981இல் செனகல் நாட்டின் டாக்கர் நகரில் முதல் சோதனையை நடத்தியவர், இன்றைய வங்காளதேசத்தில் பிறந்த முகம்மது அசீஸ். நம் துணைக்கண்டத்துக்கு இந்தக் கதையில் உள்ள பங்கு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. யானைக்காலுக்காக நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையை ஆற்றுக்குருடு உள்ளவருக்குக் கொடுத்தால், குஞ்சுகள் ஒருமிக்கச் செத்து, அந்த அழற்சியாலேயே கண் மேலும் கெடும். ஐவர்மெக்டினோ குஞ்சுகளைச் சாந்தமாக அகற்றும். ஆனால் வாங்குவதற்கு யாரிடமும் பணமில்லை. மெர்க் அணுகிய அரசாங்கங்களும் உதவி நிறுவனங்களும் கைவிரித்தன. 1987ஆம் ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தின் தலைவர் ராய் வாகிலோஸ், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும், எத்தனை காலம் வேண்டுமோ அத்தனை காலமும் இலவசமாகத் தருவதாக அறிவித்தார். அந்த வாக்கு இன்றுவரை காப்பாற்றப்பட்டு வருகிறது. வியாபார உலகில் இப்படிப்பட்ட தர்மம் அரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் மருந்தைக் கொடுத்த தர்மவானைப் புகழ்ந்த உலகம், அதைச் சுமந்து சென்ற கையைக் கவனிக்கவில்லை என்பதே என் குறை. ஐவர்மெக்டின் குஞ்சுகளைத்தான் கொல்லும். கட்டிக்குள் இருக்கும் தாய்ப்புழு சில மாதம் மலடாயிருந்து மறுபடியும் ஈனத் தொடங்கும். ஆகவே அந்தப் புழு முதிர்ந்து சாகும்வரை, பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரில் எண்பது சதவீதத்தினருக்காவது மாத்திரை போய்ச் சேர வேண்டும். சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும், மழைக்காலத்தில் ஆறு பெருகி வழிமறிக்கும் ஊர்களுக்கும், ஆஸ்பத்திரி என்பதையே கண்டிராத குடிசைகளுக்கும் அதை யார் கொண்டுபோவது? அமாசிகோ பிற்காலத்தில் தலைமை ஏற்ற, 1995இல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. ஊர் கூடித் தன்னிலிருந்து இருவரையோ மூவரையோ தேர்ந்தெடுக்கும். எந்த மாதத்தில் மாத்திரை தருவது, வீடு வீடாகத் தருவதா, மரத்தடியில் கூட்டித் தருவதா என்பதையும் ஊரே தீர்மானிக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் சுகாதார நிலையத்துக்கு நடந்து சென்று மாத்திரையைப் பெற்றுவர வேண்டும். குடிமக்கள் கணக்கெடுக்க வேண்டும். எடை பார்க்கும் கருவி இல்லாமையால் அளவு குறித்த ஒரு கோலை நிறுத்தி, உயரத்துக்குத் தக்கபடி ஒன்று முதல் நான்கு மாத்திரை தர வேண்டும். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், கடும் நோயாளிக்கும் தராமல் விலக்க வேண்டும். மறுநாள் முகம் வீங்கியவரையும் தலைசுற்றியவரையும் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும். கிராமத்து ஜனங்கள் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு காலத்தில் பார்வையற்றவர்களைத் தாங்குவதற்கே கோல் வெட்டிய ஊர்களில், இப்போது மாத்திரை அளக்கக் கோல் நிற்கிறது.

இத்தனை வேலைக்கும் கூலி கிடையாது. கைம்மாறு என்ன என்பதை ஊரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று திட்டம் விட்டுவிட்டது. ஊரோ அநேக இடங்களில் ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்க அதனிடம் இருக்கவுமில்லை. விதைப்பு வேளையில் தன் நிலத்தை விட்டுவிட்டுப் பிறர் வீட்டு வாசலில் நிற்பவர் இழக்கிற நாட்களுக்கு எந்தப் பட்டியலிலும் செலவுக் கணக்கு இல்லை. இலவச மருந்து என்று நாம் சொல்வது மருந்துக் கம்பெனியின் பக்கத்திலிருந்து பார்க்கையில் மட்டுமே உண்மை. அதன் விலையில் ஒரு பகுதியை, உலகத்திலேயே மிக வறியவர்களான அந்தக் கிராமவாசிகள் தங்கள் உழைப்பால் ஆண்டுதோறும் கட்டிவருகிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது கனமான மறுப்பு. உகாண்டாவில் மோசஸ் கட்டபர்வா செய்த ஆராய்ச்சிகள், விநியோகம் செய்பவர் தம் சொந்தக் குலத்தாரிடையே மட்டும் வேலை செய்தால், சுமையும் குறைகிறது, கூலி கேட்பதும் குறைகிறது, பெண்கள் அதிகமாக முன்வருகிறார்கள், மாத்திரையும் அதிகம் பேருக்குச் சேர்கிறது என்று காட்டின. பணம் புகுந்தால் பாசம் போய்விடும். சேவையைச் சம்பளமாக்கினால் சம்பளம் நிற்கும் நாளில் சேவையும் நிற்கும் என்பது அந்தக் கட்சியாருடைய அச்சம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மாமனும் மச்சானும் சித்தப்பனும் என்ற உறவின் பெயரால் ஒருவரிடம் ஓரிரண்டு ஆண்டு வாங்கக்கூடிய உழைப்பைப் பதினைந்து ஆண்டு வாங்கலாமா என்பது ஒரு கேள்வி. மற்றொன்றும் உண்டு. அதே கிராமத்துக்குப் போலியோச் சொட்டு மருந்து வரும், கொசுவலை வரும். அவற்றை விநியோகிக்கப் படி கொடுக்கிறார்கள். ஆற்றங்கரையில் ஈயின் தொற்று விகிதத்தை அறிய, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, காலில் வந்தமரும் ஈயைக் கடிக்குமுன் குழாயில் பிடித்துத் தருகிற வேலைக்கும் பல இடங்களில் நாட்கூலி உண்டு. அதே ஊரில் அதே ஆள் ஒரு மாதம் படி வாங்கி, அடுத்த மாதம் தியாகியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது சேவையைப் போற்றுவதாகாது. கூலி வேண்டாம் என்று சொல்லும் அதிகாரிகளில் எவரும் சம்பளமின்றிப் பணிபுரிவதாகவும் தெரியவில்லை.

எந்த ஊருக்கு மாத்திரை என்பதைத் தீர்மானித்த முறையிலும் ஓர் அநீதி மறைந்திருந்தது. நோயின் பரவலை நுட்பமாய் அறிய வேண்டுமானால் இடுப்புத் தோலில் இம்மியளவு கிள்ளி எடுத்து, உப்புநீரில் இட்டு, வெளிவரும் குஞ்சுகளை உருப்பெருக்கியில் எண்ண வேண்டும். வலியுள்ள காரியம், ஆயிரமாயிரம் ஊர்களில் நடக்காது. அதனால் ஊருக்கு முப்பது முதல் ஐம்பது ஆண்களை அழைத்து, இடுப்பைத் தடவி, கட்டி இருக்கிறதா என்று விரலால் பார்க்கும் சுருக்கு வழியைக் கைக்கொண்டார்கள். நூற்றில் இருபது பேருக்குக் கட்டி இருந்தால் அந்த ஊர் திட்டத்தில் சேரும், குறைந்தால் சேராது. பார்வையிழப்பைத் தடுப்பதே நோக்கமாயிருந்த காலத்தில் அது பொருத்தமான விதி. ஆனால் மாலியிலும் செனகலிலும் பதினைந்து பதினேழு ஆண்டுகள் மாத்திரை கொடுத்த ஊர்களில் நோயின் பரவலே அற்றுப்போனதை 2009இல் வெளியான ஆராய்ச்சி காட்டியபின், வேரோடு களைவதே குறிக்கோள் ஆயிற்று. குறைந்த நோயுள்ள ஊர்களும் ஈக்கு ஊட்டும் களஞ்சியங்களே என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று விடை தேடுவது பெரியவர்களின் இடுப்பில் அல்ல. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விரல்நுனி இரத்தத்தில், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே புழுவின் சுவடு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு விதி. இவ்வளவு கடினமான பரீட்சைக்கு ஊரை ஆயத்தப்படுத்தும் பொறுப்பும் அதே கூலியில்லாத ஆளிடமே வந்து நிற்கிறது. பார்வையிழந்தவர்கள் கண்முன் நடமாடிய நாளில் அவர் கதவைத் தட்டினால் திறந்தார்கள். இளந்தலைமுறை பார்வையிழந்தவரைக் கண்டதே இல்லை; எங்களுக்கு நோயில்லையே, எதற்கு மாத்திரை என்று கேட்கிறது. பயம் தானாகச் செய்துவந்த பாதி வேலையையும் இனி அவரே பேசிப் புரியவைத்துச் செய்ய வேண்டும்.

மத்திய ஆப்பிரிக்காவின் காட்டுப் பிரதேசங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே லோவா லோவா என்ற வேறொரு இழைப்புழுவும் உண்டு. அதன் குஞ்சுகள் இரத்தத்தில் மிகுந்திருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். காமரூனில், கைபேசியோடு இணைத்த சிறு கருவியால் ஒரு துளி இரத்தத்தை அங்கேயே பரிசோதித்து, ஆபத்துள்ள சிலரை மட்டும் விலக்கி மற்றவர்க்கு மருந்து தரும் முறையைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். 2018இல் அனுமதி பெற்ற மாக்ஸிடெக்டின், ஐவர்மெக்டினைவிட அதிக காலம் குஞ்சுகளை அடக்குகிறது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

தென் சூடானின் மரிடி என்ற ஊரைப் பற்றி இவ்விடத்தில் சொல்ல வேண்டும். போரினால் மாத்திரை விநியோகம் தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்த பிரதேசம் அது. ஆற்றுக்குருடு மிகுந்த ஊர்களில் பிள்ளைகளுக்கு வலிப்பு நோயும் மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். உணவைக் கண்டதும் தலை தொங்கித் தொங்கி விழுகிற ஒருவகை வலிப்பும் அவற்றில் உண்டு. 2018இல் மரிடியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது நூற்றில் நான்கு பேருக்கு மேல் வலிப்புள்ளவர்களாயிருந்தார்கள். அணைக்கு அருகே போகப் போக அந்த விகிதம் ஏறியது. ஈக்கள் எங்கே பெருகுகின்றன என்று தேடியதில், அணையிலிருந்து நீர் வழிந்தோடும் கலிங்கு ஒன்றே பிறப்பிடம் என்று தெரியவந்தது. ஹெலிகாப்டர் தேவைப்படவில்லை. நீரில் தோய்ந்து கிடந்த புல்லையும் கொடியையும் ஊரார் இறங்கி அரிவாளால் அறுத்து அகற்றினார்கள். பற்றிக்கொள்ள இடமின்றி ஈப்புழுக்கள் அடித்துச் செல்லப்பட்டன. கடி வெகுவாகக் குறைந்தது. ஆனால் புல் மறுபடியும் வளரும். ஆண்டுதோறும் யாரேனும் இறங்கி அறுக்க வேண்டும். அறுப்பவருக்கு யாரேனும் கூலி தர வேண்டும்.

இந்த வேளையில்தான் கொடை நாடுகள் பையை மூடிக்கொள்கின்றன. பிரிட்டன் இந்நோய் உள்ளிட்ட வெப்பமண்டல நோய்களுக்காகத் தந்துவந்த பெரும் நிதியை 2021இல் நிறுத்தியது. 2006 முதல் நடந்துவந்த அமெரிக்க அரசின் திட்டம் 2025இல் முடிவுக்கு வந்தது. மாத்திரை கிடங்குக்கு வந்துவிடும்; கிடங்கிலிருந்து கிராமம் வரையுள்ள வழிக்கு, வண்டிக்கும் பயிற்சிக்கும் பேரேட்டுக்கும்கூடப் பணமில்லை என்ற நிலைமை நெருங்குகிறது. இதில் பிறரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஐம்பதாண்டுகளாக அந்நிய நிதியில் நடந்த காரியத்தைத் தங்கள் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இனமாகச் சேர்க்காத ஆப்பிரிக்க அரசாங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. கூலியில்லாத உழைப்புக்குக் கணக்கு இராது. கணக்கில்லாத செலவை எந்த நிதியமைச்சரும் தாமாக முன்வந்து ஏற்கமாட்டார். கூலி தராதது அந்த உழைப்பாளிக்கு மட்டும் இழைக்கும் அநீதியாக நின்றுவிடவில்லை. திட்டம் முழுவதன் உண்மைச் செலவையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது.

கொலம்பியா, எக்வடார், மெக்ஸிகோ, குவாத்தமாலா என்ற நான்கு நாடுகளும் 2013க்கும் 2016க்கும் இடையில் ஒவ்வொன்றாக நோயற்றவை என்று சான்று பெற்றன. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நைஜர், ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக, ஐந்தாம் நாடாயிற்று. நைஜீரியாவில் பிளாட்டோ, நசராவா மாநிலங்களில் பரவல் நின்று மாத்திரையும் நிறுத்தப்பட்டிருக்கிறது. 2030க்குள் பன்னிரண்டு நாடுகள் அந்தச் சான்றைப் பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. இன்னும் ஏழு நாடுகள் பாக்கி. மாத்திரையை நிறுத்தியபின்னும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிள்ளைகளின் இரத்தத்தையும் ஆற்றின் ஈக்களையும் சோதித்துக்கொண்டிருந்தால்தான் சான்று கிடைக்கும் என்பதால், 2030ஐ எட்ட வேண்டிய நாடுகள் அதற்கான பணத்தை அடுத்த ஆண்டின் திட்டத்திலல்ல, இந்த ஆண்டின் திட்டத்திலேயே ஒதுக்கியாக வேண்டும். அவ்வாறு ஒதுக்கும்போது, வண்டிக்கும் எரிபொருளுக்கும் அதிகாரிகளின் பிரயாணப்படிக்கும் எழுதும் அதே பட்டியலில், கோலும் பேரேடும் சுமந்து வீடு வீடாக நடப்பவருக்கு, போலியோச் சொட்டு மருந்து கொடுப்பவருக்கு என்ன நாட்படியோ அதே நாட்படியை எழுத வேண்டும் என்பதே நான் கேட்பது.